43,000 கிலோமீட்டர் ஓடிய எக்ஸ்மேக்ஸ் 250-ஐ வாங்கி வீட்டிலேயே பராமரிக்க முடியுமா?

நீங்கள் கேட்டது இது. கிள்ளானில் வேலை, சொந்த வீடு சுங்கை பட்டாணியில். மாதம் இரண்டு முறை ஊருக்குப் போய்வர, 43,000 கிலோமீட்டர் ஓடிய 2019-ஆம் ஆண்டு யமஹா எக்ஸ்மேக்ஸ் 250 ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறீர்கள். இதுவரை ஓட்டிய 135எல்சி கியர் வண்டியில் ஆயில், பிளக், செயின், பிரேக் கட்டை எல்லாவற்றையும் நீங்களே மாற்றிக்கொண்டீர்கள். இந்தப் பெரிய ஸ்கூட்டரையும் அதேபோல வீட்டு வாசலில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா, இல்லை ஒவ்வொன்றுக்கும் பட்டறைப் போர்மேனைத் தேடிப் போக வேண்டியிருக்குமா என்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் எனக்குத் தெரிகிறது. நான் என் கையால் பராமரித்த வண்டியை நம்பி, ராத்திரி பத்து மணிக்கு மழையில், வழியில் உள்ள தாப்பாவைத் தாண்டிப் போகலாமா? எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. அதனால் பதிலும் அதைச் சுற்றித்தான் வரும்.

ஈப்போவில் மோட்டார் பட்டறையில் 15 ஆண்டு வேலை செய்தேன். அதற்குப் பிறகு 9 ஆண்டாக ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பு சொல்லிக்கொடுக்கிறேன். 2018-இல் எக்ஸ்மேக்ஸ் 250 புதிதாக வாங்கினேன். இப்போது 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. என் கையால் கழற்றி மாட்டியதை உறுதியாகச் சொல்கிறேன். மற்றவர் சொல்லிக் கேட்டதை அப்படித்தான் என்று குறிப்பிட்டே சொல்கிறேன். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டியை நான் பார்க்கவில்லை, அதனால் 'வாங்குங்கள்', 'வாங்காதீர்கள்' என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சுருக்கமாகச் சொன்னால், முடியும். 135எல்சியை நீங்களே பார்த்துக்கொண்டவர் என்றால் இதில் பத்துக்கு எட்டு வேலையை நீங்களே செய்யலாம். ஆனால் வண்டியைக் கவனிக்கும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் 135எல்சி போன்ற கப்சாயில் ஒரு கோளாறு வந்தால் அது காதுக்கோ கைக்கோ தெரிந்துவிடும். செயின் தளர்ந்தால் சத்தம் போடும், கிளட்ச் தேய்ந்தால் கியர் மாற்றும்போதே புரியும். இந்த ஸ்கூட்டரில் தேய்கிற சாமான் எல்லாம் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது, ஓட்டுகிறவருக்கு ஏதும் தெரியாமலே தேய்கிறது. அதனால் காதை நம்பிப் பராமரித்தவர் இனி நோட்டுப் புத்தகத்தை நம்பிப் பராமரிக்க வேண்டும். ஆயில் எப்போது, பெல்ட் எப்போது, கியர் ஆயில் எப்போது என்று தேதியும் கிலோமீட்டரும் எழுதி வைக்கிறவருக்கு இது சிக்கலில்லாத வண்டி. எழுதாதவரை ஒருநாள் நடுவழியில் நிறுத்தும்.

முதலில் உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் போடுவோம். கிள்ளானிலிருந்து சுங்கை பட்டாணி ஒரு வழிக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். போய்வர 800, மாதம் இரண்டு முறை என்றால் 1,600. ஆண்டுக்கு 19,200. வேலைக்குப் போய்வரும் ஓட்டத்தையும் சேர்த்தால் 25,000 கிலோமீட்டரை எட்டிவிடும். சாதாரண ஆள் மூன்று ஆண்டில் ஓட்டுவதை நீங்கள் ஓர் ஆண்டில் ஓட்டப் போகிறீர்கள். கையேட்டில் 'இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ' என்று போட்டிருக்கும் இடத்திலெல்லாம் உங்களுக்குக் கிலோமீட்டர்தான் முதலில் வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்றுவது உங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

மலேசியாவின் பி2 உரிமத்தில் 250 சிசி வரைதான் ஓட்டலாம் என்பதால்தான் நம் ஊரில் இந்த வகைக்கு இவ்வளவு மவுசு. மோடனாஸ் எலகன் 250, சிம் குரூசிம் 250 போன்றவையும் இதே கணக்கில் வந்தவைதான். நான் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும், எண்கள் மட்டும் மாறும். டிமேக்ஸ், பர்க்மேன் 650 போன்ற பெரியவை வேறு மாதிரி. அவற்றில் எஞ்சின் சட்டத்தோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும், இரட்டை சிலிண்டர், உள்ளே நெருக்கம் அதிகம். அவற்றில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு.

சரி, பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கலாம். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். எஞ்சினின் இடது பக்கம் முழுக்க ஒரு நீளமான அறை. முன்பக்கம் கிராங்க் தண்டின் முனையில் வேரியேட்டர், பின்பக்கம் கிளட்ச், இரண்டையும் இணைக்கும் ரப்பர் பெல்ட். வேரியேட்டருக்குள் உருளைகள் (ரோலர்) இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற அந்த உருளைகள் வெளிப்பக்கம் ஓடி, இரண்டு கூம்புத் தட்டுகளையும் நெருக்கும். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் மேலே ஏறும், பின்னால் உள்ள தட்டுகள் அதற்கு ஏற்ப விரியும். கியர் மாற்றுவது போன்ற வேலை, படி இல்லாமல் வழுக்கிக்கொண்டே நடக்கிறது. பெல்ட்டின் இரண்டு பக்கச் சுவர்களும்தான் எஞ்சினின் மொத்த இழுவையையும் தாங்குகின்றன. ஓட ஓட அந்தச் சுவர்கள் தேய்ந்து பெல்ட் அகலம் குறையும். உள்ளே உள்ள நார் வெப்பத்தில் களைத்துப்போகும். இரண்டும் வெளியே தெரியாது. நன்றாகக் கவனித்தால் ஒரு சிறு அடையாளம் உண்டு. முன்பு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் காட்டிய எஞ்சின் சுற்று எண்ணிக்கையைவிட (ஆர்பிஎம்) இப்போது கொஞ்சம் அதிகம் காட்டும், உச்ச வேகம் சற்றுக் குறையும். இது மாதக்கணக்கில் மெல்ல நடக்கிறது என்பதால் தினமும் ஓட்டுகிற ஆளுக்கே தெரியாது.

எனக்கே தெரியவில்லை. முதல் பெல்ட்டை 20,000-இல் மாற்றினேன். கழற்றிப் பார்த்தபோது நல்ல நிலையில் இருந்தது. அந்தத் தைரியத்தில் இரண்டாவது பெல்ட்டைத் தள்ளிப்போட்டேன். 27,000 கிலோமீட்டர் ஓடிய பெல்ட், கோப்பேங் தாண்டி குவா தெம்புரோங் பக்கம் இரவு மழையில் அறுந்தது. ஒரு சிறு அதிர்வு, ஒரு 'டப்' சத்தம், அப்புறம் எஞ்சின் மட்டும் வீறிட்டுச் சுற்றுகிறது, வண்டி உருண்டு மெதுவாகிறது. பின்னால் லாரிகள். அவசரப் பாதைக்கு ஒதுங்கிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 180 கிலோ எடையுள்ள வண்டியை மழையில் தள்ளுவது எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அறுந்த பெல்ட்டின் துண்டுகள் கிளட்ச் பக்கம் சிக்கிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் பட்டறை நாட்களில் வந்த வண்டி ஒன்றில்கூட அப்படி நடந்ததில்லை, ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்லும் துணிவும் எனக்கு இல்லை. முந்தைய பெல்ட் எப்படி இருந்தது என்பதை வைத்து அடுத்ததை முடிவு செய்யக் கூடாது. பெல்ட்டுக்கு பெல்ட், வெயிலுக்கு வெயில், சுமைக்குச் சுமை வேறுபடும். நீங்கள் பின்பெட்டி வைத்து, ஆளேற்றி, நூற்றுக்கு மேல் மணிக்கணக்கில் ஓட்டுவீர்கள் என்றால் 20,000-ஐத் தாண்டவே வேண்டாம்.

இந்த வண்டியின் டிஸ்ப்ளேயில் வி-பெல்ட் நினைவூட்டல் ஒன்று உண்டு. பலர் அதைப் பெல்ட்டின் நிலையைக் காட்டும் விளக்கு என்று நினைக்கிறார்கள். அது வெறும் கிலோமீட்டர் எண்ணி. பெல்ட்டை அது பார்ப்பதும் இல்லை, அளப்பதும் இல்லை. பொத்தானை அழுத்தினால் பூஜ்யத்துக்குப் போய்விடும், பெல்ட் மாற்றியிருந்தாலும் சரி, மாற்றாவிட்டாலும் சரி. 43,000 ஓடிய வண்டி என்றால் 40,000-இல் இரண்டாவது முறை பெல்ட் மாற்றியிருக்க வேண்டும். விளக்கு எரியவில்லை என்பது அதற்குச் சான்று ஆகாது. விற்கிறவர் ரசீது காட்டினால் நல்லது. காட்டாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட்டும் ரோலரும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

இனி, பெல்ட்டை நீங்களே மாற்றலாமா என்பது. கருவியும் பொறுமையும் இருந்தால் மாற்றலாம். ஆனால் இந்த வண்டியில் தவறாகச் செய்தால் எஞ்சினையே காவு வாங்கக்கூடிய வீட்டு வேலை இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஓர் இளைஞர் வீட்டில் பெல்ட் மாற்றி மூன்று வாரத்தில் வண்டியைப் பயிற்சி மையத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். வேரியேட்டர் நட் தளர்ந்து, தட்டு ஆடி ஆடி, கிராங்க் தண்டின் முனையில் உள்ள பற்கள் மழுங்கிப் போயிருந்தன. கிராங்கை மாற்றுவது என்றால் எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டும். அவர் நட்டை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரியான அளவில்தான் முறுக்கியிருந்தார். அப்படியும் ஏன் தளர்ந்தது?

புதுப் பெல்ட்டை மாட்டும்போது அது இறுக்கமாக இருக்கும். பின்பக்கத் தட்டுகளைக் கையால் விரித்து, பெல்ட்டை அங்கே ஆழத்தில் அமுக்கினால்தான் முன்பக்கம் பெல்ட் தளர்ந்து தொங்கும். அப்படித் தொங்கவிட்ட பிறகே முன்பக்க வெளித்தட்டைப் போட்டு நட்டை முறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் முறுக்கினால் வெளித்தட்டுக்கும் உள்தட்டுக்கும் நடுவில் பெல்ட் கடிபட்டுக்கொள்ளும். வெளித்தட்டு உள்ளே இருக்கும் குழலில் போய் உட்காராது, பெல்ட்டின் மேல் உட்காரும். டார்க் ரெஞ்சுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அது 'கிளிக்' என்று சொல்லிவிடும். எஞ்சினை முடுக்கியதும் பெல்ட் நகர்ந்து தன் இடத்துக்குப் போகும், தட்டுக்குப் பிடிமானம் போய்விடும், நட் தளரத் தொடங்கும். இளைஞரின் வண்டியில் நடந்தது இதுதான். முறுக்கிய பிறகு வேரியேட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள், பெல்ட் வழியெங்கும் தட்டுகளுக்கு நடுவில் தளர்வாக நகர வேண்டும். கிராங்கின் பற்கள் வெளித்தட்டுக்கு வெளியே சற்றே தெரிய வேண்டும். இந்த இரண்டையும் பார்க்காமல் கவரை மூடாதீர்கள்.

அதேபோல, வேரியேட்டர் சுற்றாமல் பிடித்துக்கொள்ள அதற்கென்று உள்ள பிடிகருவியை வாங்குங்கள். துடுப்புகளுக்கு நடுவில் ஸ்குரூ டிரைவரைச் செருகிப் பிடிக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு, துடுப்பு உடையும். காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் கன் வைத்துக் கழற்றலாம், ஆனால் அதை வைத்து முறுக்கவே கூடாது. எவ்வளவு முறுக்கினோம் என்பது அதில் தெரியாது. முறுக்கு அளவை இங்கே நான் எழுதப் போவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு, நாட்டுக்கு நாடு சிறு மாற்றம் வரும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். தட்டுகளின் முகத்தைப் பிரேக் கிளீனர் ஊற்றித் துடைத்துவிட்டு, அதன் பிறகு விரலால்கூடத் தொடாதீர்கள். விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கே பெல்ட் வழுக்கப் போதும். பின்பக்கத் தட்டின் வழிகாட்டிப் பின்களுக்கு மட்டும் மேனுவல் சொல்லும் கிரீஸ், அதுவும் அளவாக. இதையெல்லாம் படிக்கும்போதே மனம் தயங்கினால், அந்த ஒரு வேலையைப் பட்டறையில் கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டாவது முறை நீங்களே செய்யலாம்.

கவரைத் திறந்த அன்றைக்கே ரோலர்களையும் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டியவை ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் முழு செட்டாக மாற்றுங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டி நடுங்குகிறது என்றால் கிளட்ச் ஷூ பளபளப்பாகிவிட்டது அல்லது தூசி சேர்ந்திருக்கிறது என்று பொருள். மணல் தாளால் லேசாகத் தேய்த்துச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும், எவ்வளவு நாளைக்கு என்பது வேறு விஷயம். என் வண்டியில் ஒருமுறை ஐந்து மாதம் நின்றது, இன்னொரு முறை மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. எடை குறைந்த ரோலர், கடினமான ஸ்பிரிங் போட்டால் இழுவை கூடும் என்று நிறையப் பேர் விற்கிறார்கள். கிளம்பும் வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் அதே நெடுஞ்சாலை வேகத்துக்கு எஞ்சின் அதிகமாகச் சுற்றும், பெல்ட்டுக்கும் பெட்ரோலுக்கும் அது நல்லதில்லை. மாதம் 1,600 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடும் உங்களுக்கு ஒரிஜினல் எடைதான் சரி.

எஞ்சின் ஆயில் உங்களுக்குப் பழகிய வேலை. ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் போகும். ஒரு வேறுபாடு மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 135எல்சியில் கிளட்ச் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடி வேலை செய்கிறது, அதனால் ஜாஸோ எம்ஏ தர ஆயில் கட்டாயம். இதில் கிளட்ச் உலர்ந்த அறையில் இருக்கிறது, எம்பி தர ஸ்கூட்டர் ஆயில் போடலாம். எம்ஏ போட்டாலும் கெடுதல் இல்லை. நான் 4,000-க்கு ஒருமுறை மாற்றுகிறேன். அது என் வழக்கம், விதி என்று சொல்ல மாட்டேன். டிரெயின் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். எஞ்சின் ஆயிலை நினைவு வைத்திருக்கிறவர்கள்கூட மறந்துபோகும் ஒன்று கியர் ஆயில். பின்சக்கரத்தை ஒட்டிய சிறிய பெட்டியில் கொஞ்சமாகத்தான் இருக்கும். வடிக்கும்போது பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் ஓட்டிய வண்டியா என்று கண்டுபிடிக்கவும் இது ஒரு வழி, கிள்ளான் பக்கத்து வண்டி என்றால் அவசியம் பாருங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். நம் நாட்டு விதிகளில் பழைய மசகெண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்று தனிக் குறியீடே இருக்கிறது. போத்தலில் அடைத்துப் பட்டறையில் கொடுத்தால் அவர்கள் தங்கள் பீப்பாயில் சேர்த்துக்கொள்வார்கள்.

ஏர் ஃபில்டர் இரண்டு உண்டு. ஒன்று எஞ்சினுக்கு, இன்னொன்று பெல்ட் அறைக்கு. எஞ்சினுடையது எண்ணெய் தோய்த்த காகிதம், காற்று ஊதிச் சுத்தம் செய்தால் எண்ணெய்ப் படலம் போய்விடும், மாற்றத்தான் வேண்டும். பெல்ட் அறைக்கான ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அறைக்குள் சூடு ஏறும், பெல்ட் சீக்கிரம் சாகும். அது கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் பழைய வண்டிகளில் அதைத் திறந்த தடயமே இருக்காது.

உங்களுக்கு உண்மையில் எரிச்சல் தரப்போவது வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவர் செட். கப்சாயில் பிளக்கைக் கழற்ற ஐந்து நிமிடம், இதில் பிளக்கைப் பார்க்கவே கால் மணி நேரம். பிளாஸ்டிக் கொக்கிகள் ஐந்தாறு ஆண்டு வெயிலில் முறுகியிருக்கும், இழுத்தால் ஒடியும். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது கழற்றாதீர்கள், கொஞ்சம் வெயிலில் நிற்கவைத்து பிளாஸ்டிக் இளகியதும் கழற்றுங்கள். ஒவ்வொரு கவரின் திருகுகளையும் தனித் தனிக் கிண்ணத்தில் போட்டு, அகற்றும் முன் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். நீளம் மாறிய திருகைப் போட்டு உள்ளே ஒயரைக் குத்திய வண்டிகள் நிறைய என்னிடம் வந்திருக்கின்றன.

பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், பார்க்க நிறம் நன்றாக இருந்தாலும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் நாட்டில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கலாம். கேமரன் மலையின் தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பழைய சாலையில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. கியர் வண்டியில் இரண்டாவது கியரில் போட்டு இறங்குவீர்கள். இதில் அது முடியாது. வேகம் மிகக் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், எஞ்சின் பிடிப்பு போய் வண்டி தானாக உருளும். அப்போது துளி ஆக்சிலேட்டர் கொடுத்தால் கிளட்ச் மறுபடி பிடிக்கும், எஞ்சினும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இதைச் சமதளத்தில் பழகிவிட்டு மலைக்குப் போங்கள். ஆயிலை மாற்றும்போது கிண்ணம் வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வற்றிக் காற்று, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பெட்டிக்குள் புகுந்துவிட்டால் வீட்டில் வெளியேற்றுவது கடினம். அந்தப் பெட்டியையும் எஞ்சின் கணினியையும் நான் தொடுவதில்லை, நீங்களும் தொட வேண்டாம். கூலண்ட் விஷயம் 135எல்சியில் பார்த்ததுதான்.

டயர் வேலையைக் கடையில் கொடுத்துவிடுங்கள். முன்னால் 120/70-15, பின்னால் 140/70-14. பின்சக்கரத்தைக் கழற்ற சைலன்சரைக் கழற்ற வேண்டும், வீட்டில் செய்து மிச்சப்படுத்தும் பணம் அந்த வியர்வைக்குப் போதாது. டயர் தேய்ந்ததா என்று மட்டும் பார்க்காமல் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பொத்தல் அடைக்கும் திரி, சிறிய பம்ப் இரண்டும் சீட்டுக்குக் கீழே எப்போதும் இருக்கட்டும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் நிறைய மறைக்கும். நடு ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்பக்கம் அமுக்க, முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பியதும் ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் சிறு பள்ளத்தில் விழுவது போல உணர்ந்தால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. பின்சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஸ்மார்ட் கீ இரண்டும் கைக்கு வரவேண்டும், அதோடு வந்த அடையாள எண் அட்டையும் வேண்டும். சாவி தொலைந்தாலோ செயலிழந்தாலோ வண்டியைத் திறக்க அந்த எண்தான் கைகொடுக்கும். பழைய வண்டியில் அட்டை பெரும்பாலும் தொலைந்திருக்கும், எண்ணையாவது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாவிக்குள் உள்ள சிஆர் 2032 பேட்டரியை வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். இந்த வண்டிக்கு உதைத்து ஸ்டார்ட் செய்யும் வசதி இல்லை, தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. பேட்டரி போனால் போனதுதான். மூன்று ஆண்டு ஆன பேட்டரியை நம்பி வடக்கே கிளம்ப வேண்டாம்.

முடிந்தால் விற்கிறவரிடம் இன்னொன்று கேளுங்கள். பட்டறையில் வைத்து இடது பக்க பெல்ட் கவரைத் திறந்து காட்ட முடியுமா, கூலியை நான் தருகிறேன் என்று. சம்மதித்தால் ஒரு வெர்னியர் காலிப்பர் எடுத்துப் போய்ப் பெல்ட்டின் அகலத்தை மூன்று இடத்தில் அளந்துவிடுங்கள். அறைக்குள் கறுப்புத் தூள் எவ்வளவு குவிந்திருக்கிறது, எங்காவது எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, வேரியேட்டர் துடுப்பு ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவையும் படங்களையும் இங்கே போட்டால், அந்தப் பெல்ட் எவ்வளவு நாள் வரும், ரோலரும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும்.